பெல்பாஸ்ட் நகரத்து மதுச்சாலை

சரித்திரச் சின்னம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன கோட்டைகளும் கோயில்களும் அரண்மனைகளுமேயாம். மதுக்கடை ஒன்றும் அவ்வரிசையில் வைத்துக் காக்கத் தக்கதோ என்று வினவினால் நம்மிற் பலர் முகஞ்சுளிப்பர். மதுவைத் தொட்டறியாதவனும், வகுப்பறையில் அதன் தீமையைப் பல்லாண்டுகள் எடுத்துரைத்தவனுமாகிய எனக்கும் அவ்வினா எளிதானதன்று. ஆயினும் வட அயர்லாந்தின் தலைநகராகிய பெல்பாஸ்ட்டிலே, கிரேட் விக்டோரியா தெருவிலுள்ள 'கிரௌன்' என்னும் மதுச்சாலையின் வரலாறு அதற்கு விடை காண நமக்குத் துணை செய்யும்.

முதற்கண் அந்நகரை அறிந்துகொள்வோம். 1801இல் பெல்பாஸ்ட்டின் மக்கள் ஏறத்தாழ 20,000 பேரே. 1901இலோ அத்தொகை 3,50,000ஐ ஒட்டி உயர்ந்துவிட்டது. லினன் நெசவாலைகளும் கப்பல் கட்டும் தளங்களுமே இவ்வளர்ச்சிக்குக் காரணம். 1839இல் இருப்புப்பாதை வந்தது. 1888இல் விக்டோரியா அரசியார் பெல்பாஸ்ட்டுக்கு மாநகரம் என்னும் தகுதியை வழங்கினார். நாம் பேசும் மதுச்சாலை இரயில் நிலையத்திற்கு எதிரே இருந்தமையால் முன்னாளில் 'இரயில்வே டாவர்ன்' எனப்பட்டது. பின்னர் அது பிளானகன் குடும்பத்தாரின் கைக்கு வந்தது. 1880களிலும் 1890களிலும், பாட்ரிக் பிளானகன் காலத்திலே, அது இன்றைய எழிலுருவம் பெற்றது.

ஒரு மதுக்கடைக்கு இத்தனை அலங்காரம் எதற்கு? இதற்கு விடை அவ்வூரிலேயே கிடைக்கின்றது. அயர்லாந்தில் மதுவிலக்கு இயக்கம் முளைவிட்ட இடங்களுள் பெல்பாஸ்ட்டும் ஒன்று. ஜான் எட்கர் என்னும் கிறிஸ்தவ குருவானவர் 1829இல் தம் வீட்டிலிருந்த விஸ்கியைப் பலகணி வழியே வெளியே கொட்டிவிட்டு, குடியை எதிர்த்துச் செய்தித்தாளில் எழுதினார். அந்நூற்றாண்டின் இறுதியில் இயக்கம் வலுத்தது. குடிப்பழக்கம் இழிவானது என்னும் எண்ணம் நடுத்தரக் குடும்பங்களில் வேரூன்றிற்று. எனவே மதுச்சாலை உடையோர், தங்கள் இடம் கௌரவமானது என்று காட்டப் பெருமுயற்சி செய்தனர். பளபளக்கும் ஓடும் வண்ணக் கண்ணாடியும் அழகுப் பொருள்கள் மட்டுமல்ல. பழிப்புக்கு அளிக்கப்பட்ட மறுமொழியுமாம்.

இனி உள்ளே செல்வோம். வெளிச்சுவரிலே பல நிறப் பீங்கான் ஓடுகள். உள்ளே செந்நிறக் கருங்கல் பதித்த நீண்ட மேடை. மேலே காஸ் விளக்குகள். பலகணிகளில் தீட்டிய கண்ணாடிகள். அயர்லாந்தின் கத்தோலிக்கத் தேவாலயங்களிற் பணிசெய்ய வந்திருந்த இத்தாலியக் கைவினைஞரே ஓய்வு நேரத்தில் இவற்றைச் செய்து தந்தனர் என்பர்.

எனினும் நாம் ஊன்றி நோக்க வேண்டியவை அங்குள்ள பத்து மரச் சிற்றறைகளே. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்தும், சாத்திக்கொள்ளத்தக்க கதவும் உண்டு. கம்பங்களின் உச்சியிலே சிங்கம் முதலிய விலங்குருவங்கள் காவலிருக்கின்றன. உள்ளிருப்போர் மணியழுத்தினால் பணியாள் வருவான்; எழுந்து வெளியே வர வேண்டியதில்லை. தீக்குச்சி உரச உலோகத் தகடுகளும் உள. வட அயர்லாந்தில் 2007 ஏப்ரல் 30 முதல் மூடிய பொதுவிடங்களிற் புகைத்தல் தடைசெய்யப்பட்டது. தகடுகளோ அப்படியே இருக்கின்றன. இச்சிற்றறைகள் யாருக்காக? ஊரார் கண்ணிற் படாமற் குடிக்க விரும்பியோருக்காக. வேண்டும், ஆனால் பிறர் காணலாகாது என்னும் அக்காலத்து மனநிலையை இக்கதவுகளைவிடத் தெளிவாக எந்த ஏடு கூறும்?

வாயிலில் தரையிலே மொசெய்க் கற்களால் அமைந்த மகுடம் ஒன்றுண்டு. பிளானகனின் மனைவியார் பிரிட்டிஷ் முடியாட்சியிற் பற்றுடையவர். கடைக்கு 'மகுடம்' என்று பெயரிடச் சொன்னார். கணவரோ அயர்லாந்துத் தேசியவாதி. இசைந்தார், ஆனால் வருவோர் மிதிக்கும்படி மகுடத்தைத் தரையில் பதித்துவிட்டார் என்பது கதை. இது செவிவழிச் செய்தியே. ஆயினும் அவ்வூர் மக்கள் இக்கதையை விரும்பிச் சொல்லி வருவது, அவர்களிடையே இருந்த பிளவுக்கு ஒரு சான்றாகும்.

அப்பிளவு 1960களின் இறுதியில் கலவரமாக வெடித்தது. தெருவின் எதிர்ப்புறத்திலே 1971இல் திறக்கப்பட்ட யூரோப்பா ஹோட்டல் முப்பது தடவைக்கு மேல் குண்டுவெடிப்புக்கு இலக்காயிற்று. அவ்வதிர்ச்சிகளால் கிரௌன் சாலையின் கண்ணாடிகளும் சேதமுற்றன. இத்தகைய காலத்திலேதான், 1978இல், நேஷனல் டிரஸ்ட் என்னும் பாதுகாப்பு அமைப்பு அதனை விலைக்கு வாங்கிற்று. அன்றைய அரசவைக் கவிஞர் சர் ஜான் பெட்ஜமன் அதற்காகப் பரிந்துரைத்தவருள் ஒருவர். நகரம் எரிந்துகொண்டிருக்கையில் மதுச்சாலையைச் செப்பனிடுவதா என்று எவரேனும் கேட்டிருந்தால் அதிற் குற்றமில்லை. ஆயினும் பணி நடந்தது. பழைய தோற்றம் 1981இல் மீண்டது. உயிரிழப்போ அதன்பின்னும் தொடர்ந்தது. 1998இலேதான் சமாதான உடன்பாடு கண்டனர்.

இன்றும் அங்கு மது விற்கின்றது. அதனை நான் போற்றேன். ஆனால், ஒன்றைக் காப்பது வேறு, அதனைப் போற்றுவது வேறு. கைவினைஞரின் திறமும், உழைத்துக் களைத்த மாந்தரின் ஏக்கமும், நாணமும் பொய்ம்மையும் ஒரே கூரையின்கீழ்ப் பதிவாகி நிற்கும் இடம் அது. நம் முன்னோரின் பெருமைக்கு அரண்மனைகள் சாட்சி. அவர்தம் பலவீனத்துக்கும் சாட்சி வேண்டாமா? நல்லனவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை இடித்துவிட்டால், எஞ்சுவது சரித்திரமன்று, புகழுரையே. அம்மரக்கதவுகள் நிற்கட்டும். அவற்றைக் காணும் சிறுவன் ஒருவன், 'இங்கே கதவு எதற்கு?' என்று தன் தந்தையைக் கேட்பான். அக்கேள்விக்கு நேர்மையாக விடை சொல்லும் கடமை பெரியோரைச் சார்ந்தது.