பாக்கெட்டில் ஏறிய எண்

சென்னைப் புறநகர் அண்ணனூர் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடைகளில் காலை ஷிஃப்டுக்கு ஓடுகிறவர்கள் முழு பாக்கெட் வாங்குவது அபூர்வம். "அண்ணே, ஒரு டீ, ஒண்ணு குடுங்க" என்பார்கள். அந்த 'ஒண்ணு' எதுவென்று கடைக்காரருக்குத் தெரியும். சிகரெட் மட்டும் கை மாறும். பாக்கெட் கல்லாவை விட்டு நகராது. அதன் மேல் கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தில் அச்சான 1800-11-2356 என்ற எண்ணும் அங்கேயே கிடக்கும்.

அந்த எண்ணுக்கு முன்கதை ஒன்று உண்டு, சென்னையும் அதில் வருகிறது. 2002-ல் உலக சுகாதார நிறுவனமும் மத்திய சுகாதார அமைச்சகமும் சேர்ந்து, புகையிலையை விட விரும்புகிறவர்களுக்காக நாட்டில் 13 மையங்களைத் தொடங்கின. ஒன்று அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் அமைந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954-ல் எழுந்த மருத்துவமனை அது. வாயிலும் தொண்டையிலும் புற்றோடு வந்தவர்களைப் பல்லாண்டுகள் பார்த்த இடத்தில், புற்று வருவதற்கு முன்பே ஆளைப் பிடித்து உட்காரவைத்துப் பேச ஒரு அறை கிடைத்தது. எனக்கு இது பெரிய விஷயமாகவே படுகிறது. அதுவரை நம்மிடம் இருந்தது "விட்டுத் தொலையேன்டா" என்ற அறிவுரைதான்.

அறிவுரைக்கு நிகோடின் அசையாது. இழுத்த சில நொடிகளில் அது மூளையைத் தொட்டுவிடுகிறது. இரண்டு மணி நேரத்தில் பாதி வடிந்து, மறுபடி கேட்கிறது. எந்தத் துணையும் இல்லாமல் மனவுறுதியை மட்டும் நம்பி விடுகிறவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் ஓராண்டு தாக்குப்பிடித்தாலே அதிகம். திரும்பத் தொட்டவனைக் கோழை என்று வீட்டில் திட்டுவது அநியாயம். அவனுக்கு வேண்டியது வைத்தியம்.

வைத்தியம் அடையாற்றில் இருந்தால் அண்ணனூர்க்காரருக்கு எப்படி எட்டும்? மின்சார ரயிலேறி சென்ட்ரல், அங்கிருந்து பஸ், காத்திருப்பு. ஒரு நாள் கூலி போய்விடும். தொலைபேசிதான் வழி. 2016 மே 30 அன்று, உலகப் புகையிலை ஒழிப்பு தினத்துக்கு முந்தின நாள், தில்லி வல்லபபாய் படேல் மார்பு நோய் நிலையத்தில் புகையிலையை விட உதவும் அந்தக் கட்டணமில்லா எண் பிறந்தது. அப்போது பேசியது இந்தியும் ஆங்கிலமும்தான்.

விருப்பமோ ஏற்கெனவே நாடெங்கும் இருந்தது. 2016-17 தேசிய புகையிலை ஆய்வில், புகைப்பவர்களில் 55.4 சதவீதம் பேர் விட்டுவிட நினைப்பதாகவோ திட்டமிடுவதாகவோ சொன்னார்கள். பாதிக்கு மேல்! 2018 செப்டம்பர் 1 முதல் எல்லாப் புகையிலை பாக்கெட்டுகளிலும் இந்த எண்ணை அச்சிட வேண்டும் என்று விதி வந்ததும் அழைப்புகள் பல மடங்கு பெருகின. தில்லியால் மட்டும் தாங்க முடியவில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ், மும்பை டாடா நினைவு மருத்துவமனை, குவாஹாட்டி பரூவா புற்றுநோய் நிலையம் ஆகியவையும் சேர்ந்தன. பெங்களூரு வழியாக அந்த எண் தமிழ் பேசத் தொடங்கியது.

அழைத்தால் யாரும் திட்டமாட்டார்கள். எத்தனை வருடப் பழக்கம், எப்போது கை தேடுகிறது என்று கேட்பார்கள். விடுவதற்கு ஒரு தேதி குறிப்பார்கள். முதல் வாரம்தான் கடுமை. எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வரும். அப்போது தொடர்ந்து பேசுவார்கள். துணைக்கு, 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் மருந்துச் சீட்டில்லாமலே மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும்.

இவ்வளவும் இருந்தும், சில்லறைக்கு ஒண்ணு வாங்குகிறவர் கண்ணில் அந்த எண் படுவதே இல்லை. பீடிக்கட்டு வாங்குகிறவராவது பார்க்கிறார். அதனால் எண்ணை ஆள் நிற்கும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும்: டீக்கடைச் சுவர், ஸ்டேஷன் டிக்கெட் கவுன்ட்டர், ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்துச் சீட்டு. தமிழில், பெரிய எழுத்தில். சூயிங்கத்தை அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கேளுங்கள்; வார்டு கவுன்சிலரிடம் மனு கொடுங்கள். அதுவரை, உங்கள் வீட்டில் ஒருவர் "விட்டுடணும்னு இருக்கேன்" என்று சொன்னால், அன்றைக்கே அவர் போனில் இதைப் பதிந்து கொடுங்கள்: 1800-11-2356.