யூனிக்ஸில் சாக்கெட் கட்டுப்பாடு: ஒரு விதிவிலக்கின் வரலாறு

முன்னுரை

1969இல் பெல் ஆய்வகத்தில் தோன்றிய யூனிக்ஸ், முனையம், அச்சுப்பொறி போன்ற கருவிகளையும் கோப்புகளாகவே கருதியது. திறத்தல், படித்தல், எழுதுதல், மூடுதல் என்னும் சில அழைப்புகளே அனைத்திற்கும் போதும் என்பது அதன் அடிப்படைக் கொள்கை. அக்கொள்கைக்குள் அடங்காத பணிகள் எவ்வாறு கையாளப்பட்டன என்பதைச் சாக்கெட் கட்டுப்பாட்டின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

விதிவிலக்கின் தோற்றம்

முனையத்தின் வேகத்தை மாற்றுவது படித்தலும் அன்று, எழுதுதலும் அன்று. தொடக்கத்தில் இதற்கெனத் தனி அழைப்புகள் இருந்தன. 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான 'ஐஆக்டல்' என்னும் அழைப்பை அறிமுகப்படுத்தியது. திறந்த கோப்பின் எண், செய்யவேண்டிய பணியின் எண், தரவுள்ள நினைவக முகவரி ஆகிய மூன்றையும் அது பெறும். அம்முகவரியில் இருப்பது எவ்வகைத் தரவு என்பதைப் பணி எண்ணே தீர்மானிப்பதால், நிரலின் பிழையைக் கம்பைலரால் கண்டறிய இயலாது.

சாக்கெட்டும் ஐஆக்டலும்

1983இல் பெர்க்லியின் 4.2 பிஎஸ்டி, சாக்கெட்டை அறிமுகப்படுத்தியது. இணைத்தல், ஏற்றல் போன்றவற்றிற்குத் தனி அழைப்புகள் அமைந்தன. ஆயினும் படிக்கக் காத்திருக்கும் பைட்டுகளை எண்ணுதல், அவசரத் தரவின் குறியை அறிதல், பிணைய இடைமுகத்திற்கு முகவரி அளித்தல் ஆகியவை ஐஆக்டலிடமே விடப்பட்டன. இவற்றுள் இறுதியானது கருதத்தக்கது. முகவரி அளிக்கும் நிரல், எத்தரவையும் அனுப்பாத ஒரு சாக்கெட்டைத் திறக்கிறது. அச்சாக்கெட் கர்னலை அணுகும் வாயில் மட்டுமே. மேலும், அப்பணிக்கான கட்டமைப்பில் முகவரிக்கு 16 பைட்டு இடமே இருந்தது. ஐபிவி6 முகவரிக் கட்டமைப்போ 28 பைட்டு கொண்டது. இதனால் லினக்ஸில் இடைமுகப் பட்டியலைத் தரும் பழைய ஐஆக்டல் பணி, ஐபிவி4 முகவரிகளை மட்டுமே தருகிறது.

மாற்று முயற்சிகள்

பெல் ஆய்வகத்தின் பிளான் 9, ஐஆக்டலை முற்றிலும் நீக்கிக் கட்டுப்பாட்டுக் கோப்பில் எழுதப்படும் உரைக் கட்டளைகளை அதன் இடத்தில் வைத்தது. 2001ஆம் ஆண்டின் பாசிக்ஸ் தரநிலை, அவசரக் குறியை அறியத் தனிச் சார்பை வகுத்தது. லினக்ஸ், நெட்லிங்க் என்னும் செய்தி வடிவத்திற்குச் சென்றது.

முடிவுரை

இம்மூன்றும் வழியால் வேறுபடினும், எண்ணுக்குள் மறைந்திருந்த பொருளை வெளிப்படையாக்குவதில் ஒன்றுபடுகின்றன. யூனிக்ஸின் எளிமை சிக்கலை நீக்கியதால் மட்டும் விளைந்ததன்று. அதன் ஒரு பகுதியை ஒரே அழைப்பில் ஒதுக்கிவைத்ததாலும் விளைந்தது. அவ்வொதுக்கலின் விலையைப் பிற்காலப் பிணைய நிரலாளரே செலுத்தினர் என்பது இவ்வரலாற்றால் பெறப்படுகிறது.