ஹேண்டில்பாரைத் தாழ்த்தியவர்கள்

பைக் ஹேண்டில்பாரை இறக்கி மாட்டுவது நம்ம காலத்து ஸ்டைல் என்றுதான் நினைத்திருந்தேன் நண்பர்களே. அது 1950களின் லண்டன் சமாச்சாரமாம்!

அங்கே நார்த் சர்க்குலர் சாலையோரம் ஏஸ் கஃபே என்று ஒரு கடை. 1938-இல் வண்டியோட்டிகளுக்காகத் திறந்தது. போரில் குண்டு விழுந்து, 1949-இல் திரும்பக் கட்டினார்கள். அப்புறம் பைக் பையன்களின் கூட்டம்தான்.

ரேஸ் பைக்குகளைப் பார்த்து, இவர்களும் உயரமான பாரைக் கழற்றிவிட்டு, இரண்டு ஃபோர்க் குழாயையும் தனித்தனியாகக் கவ்வும் கிளிப்-ஆன் பாரை மாட்டினார்கள். உடம்பு டேங்க் மேல் படியும். காற்றுத் தடை குறையும். முன்சக்கரத்தில் எடை ஏறும்.

ஆனால் வளைவில் வேறு கணக்கு. வேகமாகப் போகும் பைக்கை இடப்பக்கம் சாய்க்க, இடது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். பார் குறுகினால் நெம்புகோலும் குறுகும். கைக்கு அதிக பலம் வேண்டும். ரேஸ் தளத்தில் எதிரே லாரி வராது, சாலையில் வரும். பல பையன்கள் வீடு திரும்பவில்லை. 1962-இல் பில் ஷெர்கோல்ட் என்ற பாதிரியார் இவர்களைத் தேடிப் போய், 59 கிளப்பில் பைக் பிரிவு தொடங்கினார்.

1969-இல் மூடிய கஃபே 2001-இல் மறுபடி திறந்தது. 2013-இல் நம்ம சென்னை ராயல் என்ஃபீல்டே கிளிப்-ஆனோடு கான்டினென்டல் ஜிடி விட்டது.

நானும் கிளிப்-ஆனுக்குக் காசு சேர்த்து வைத்திருக்கிறேன். பாரை மாற்ற ஒரு ஸ்பேனர் போதும். வளைவு பழக? முதலில் காலி மைதானம். பார் அப்புறம்.