ஏறுன கியர்லயே எறங்கு கண்ணு

பதிவு கொஞ்சம் நீளம்தான். ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களாவது கடைசி வரை படித்துவிடுங்கள்.

போன தை மாதம் கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பினோம். மகன் வாங்கிக் கொடுத்த ஆட்டோமேட்டிக் காரை நான்தான் ஓட்டினேன். (ஓய்வு பெற்ற பிறகு லைசென்ஸ் எடுத்தவள் நான். அன்றைக்குக் கிண்டல் பண்ணிய தம்பியும் இதைப் படிக்கட்டும்.) பின் சீட்டில் பேத்தி, கொண்டை ஊசி வளைவுப் பலகைகளை எழுபதிலிருந்து தலைகீழாக எண்ணிக்கொண்டு வந்தாள். முப்பதுக்கு வந்தபோது ஏதோ கருகுகிற வாடை. அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தால் கால் வழக்கத்தைவிட ஆழமாகப் போகிறது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

வாழைத்தார் ஏற்றி வந்த மினி லாரி ஒன்று நின்றது. இறங்கி வந்தவர் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர். "டீச்சர், டி-யிலயேவா மலை எறங்கறீங்க?" என்றார். காருக்குள் எட்டிப் பார்த்து, "ஸ்டியரிங்குக்குப் பின்னால காது மாதிரி ரெண்டு இருக்குதே, அதத் தொடவே இல்லீங்களா?" என்றார். தொட்டதில்லை. ஏதோ அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்றுதான் ஒரு வருடமாக நினைத்திருந்தேன்.

அன்றைக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை. உறவுகளுக்குத் தெரியும், நான் லாரி டிரைவர் மகள்.

அப்பா சங்ககிரியில் லாரி ஓட்டினார். பள்ளி விடுமுறையில் என்னையும் கேபினில் ஏற்றிக்கொண்டு பெங்களூர் போவார். 1970 வாக்கில் இருக்கும். அன்றைய லாரி கியர் பெட்டியில் பற்சக்கரங்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும் வேலையை டிரைவர்தான் செய்யவேண்டும். கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்ச்சை விட்டு ஆக்சிலேட்டரை ஒரு அழுத்து அழுத்தி, மறுபடி கிளட்ச்சை மிதித்துக் கீழ் கியரைப் போடவேண்டும். டபுள் கிளட்ச் என்பார்கள். இந்த வேலையைத் தானே செய்துகொள்ளும் சின்க்ரோமெஷ் கியர் 1928-லேயே அமெரிக்காவில் காடிலாக் காரில் வந்துவிட்டது. நம் ஊர் லாரிக்காரர்களோ அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் காதையும் காலையும் நம்பித்தான் ஓட்டினார்கள்.

தர்மபுரிப் பக்கமிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் வரும். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே அப்பா வண்டியைக் கிட்டத்தட்ட நிறுத்திக் கீழ் கியரைப் போட்டுவிடுவார். இன்ஜின் ஓலமிடும், வண்டி நத்தை மாதிரி இறங்கும். எனக்கு எரிச்சலாக வரும். "ஏறுன கியர்லயே எறங்கோணும் கண்ணு. எறக்கத்துல இன்ஜின்தான் பிரேக்கு, பிரேக்கு வெறும் தொணை" என்பார். அவரோடு ஓட்டிய ஒருவர் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்குகிற பழக்கக்காரர். ஒரு நாள் அவர் வண்டி பள்ளத்தில் கிடந்தது. அவருடைய மகள் என் வகுப்பில் படித்தவள். அதற்குமேல் எழுத விருப்பமில்லை. தொப்பூரில் இன்றும் விபத்துச் செய்தி வரும்போதெல்லாம் நியூட்ரல் என்ற சொல்லும் கூடவே வருகிறது.

சரி, அப்பா சொன்ன பாடம் எனக்கு ஏன் மறந்தது? ஆட்டோமேட்டிக் வண்டி மறக்கடித்துவிட்டது. 1940-ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 'ஹைட்ராமேட்டிக்' என்ற கியர் பெட்டியைக் கொடுத்தது. கிளட்ச் மிதியே கிடையாது, கியர் தானாக மாறும். பெரிய வசதிதான், நானே அதனால்தான் ஓட்டுகிறேன். ஆனால் இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், பாரம் குறைந்துவிட்டது என்று பெட்டி நினைத்துக்கொண்டு மேல் கியருக்குப் போகப் பார்க்கும். இன்ஜினின் பிடி தளர்ந்துவிடும். புதிய வண்டிகள் சில சரிவை உணர்ந்து தாமே கியரைக் குறைக்கின்றன. கொல்லிமலை மாதிரி இடத்தில் அதை மட்டும் நம்பி இறங்க முடியாது.

கியர் ஸ்டியரிங் பக்கம் வந்தது ஒன்றும் புதிதில்லை. நம் அம்பாசடரில் கியர் ராடு ஸ்டியரிங் தண்டில்தான் இருந்தது. ஆனால் கையை எடுத்துத்தான் மாற்றவேண்டும். கையே எடுக்காமல் விரலால் தட்டி மாற்றும் துடுப்பு வந்தது பந்தயத்துக்காக. ஃபெராரி அணிக்காக ஜான் பர்னார்ட் என்ற ஆங்கிலேய வடிவமைப்பாளர் அதைச் செய்தார். ஓட்டுநர் அருகிலிருந்து பின்னால் கியர் பெட்டி வரை போகும் கம்பியை எடுத்துவிட்டால் காரை ஒடுக்கமாகச் செய்யலாம், கையும் ஸ்டியரிங்கைவிட்டு நகராது. சோதனை ஓட்டங்களில் அந்தப் பெட்டி ஓயாமல் பழுதானது. 1989 மார்ச் 26 அன்று பிரேசிலில் முதல் பந்தயம். நைஜல் மேன்செல் பாதியிலேயே நின்றுவிடுவார் என்றுதான் பலரும் நினைத்தார்கள். நடுவில் ஸ்டியரிங்கையே கழற்றி மாற்றவேண்டி வந்தும் அவர்தான் ஜெயித்தார். 1990-களின் நடுவுக்குள் மற்ற அணிகளும் இதற்கு மாறிவிட்டன. 2005-இல் நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் முதல் இந்தியராக ஃபார்முலா ஒன்னுக்குப் போனபோது அவர் கை தட்டியதும் இதே துடுப்பைத்தான். சாலைக் காருக்கு 1997-இல் ஃபெராரி 355-இல் வந்தது. 2022-இல் மாருதி எர்டிகா ஆட்டோமேட்டிக்கிலும் வந்துவிட்டது. வேகத்துக்காகப் பிறந்த பொருள், நம் மலைகளில் வேகத்தைக் குறைக்க உதவுகிறது.

எவ்வளவு உதவும் என்று ஒரு கணக்குப் போட்டேன், வாத்தியார் புத்தி. ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள கார் ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கினால் விடுபடும் ஆற்றல் சுமார் 1 கோடியே 47 லட்சம் ஜூல். ஐம்பது லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். பிரேக்கை மட்டும் மிதித்து இறங்கினால் அந்தச் சூட்டில் பெரும்பகுதி நாலு சக்கரத்து பிரேக்கில்தான் சேரும். கட்டை பிடி இழக்கும். பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழி விட்டால் மிதி தரைக்கே போய்விடும்.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். இடது பக்கத் துடுப்பில் கழித்தல் குறி, வலது பக்கம் கூட்டல். இறக்கம் ஆரம்பிக்கும் முன்பே லீவரை எம்-க்குக் கொண்டுவந்துவிடுகிறேன் (சில வண்டியில் எஸ்). டி-யில் இருந்தபடி தட்டினாலும் கியர் மாறும், ஆனால் கொஞ்ச நேரத்தில் பல வண்டிகள் தாமாகவே டி-க்குத் திரும்பிவிடும். நேராக இருக்கும் இடத்திலேயே பிரேக்கால் வேகத்தைக் குறைத்து, இடது துடுப்பைத் தட்டி இரண்டாவது கியர் வந்ததை மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் வளைவுக்குள் போகிறேன். பெரும்பாலான கார்களில் துடுப்பும் ஸ்டியரிங்கோடு சுற்றும், வளைவுக்குள் போய்த் தேடினால் விரலுக்கு அகப்படாது. வேகம் அதிகமாக இருக்கும்போது தட்டினால் வண்டி கேட்காது. அது பழுதில்லை, இன்ஜினைக் காப்பாற்றிக்கொள்கிறது. இன்ஜின் சத்தம் கூடும், பயப்படவேண்டாம். இன்ஜின் பிடியில் வேகம் குறையும்போது பின்னால் சிவப்பு விளக்கு எரியாமல் இருக்கலாம். அதனால் பின்னால் வண்டி வந்தால் பிரேக்கை லேசாகத் தொட்டுக் காட்டுங்கள். மழை ஈரத்தில் சடசடவென்று இரண்டு மூன்று கியர் இறக்காதீர்கள். சூடான பிரேக்கில் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஊருக்குள் டி போதும், துடுப்பை மறந்துவிடலாம்.

எரிபொருள் மிச்சம் என்று நியூட்ரலில் விடுபவர்களுக்கு ஒன்று. இன்றைய இன்ஜின்களில் கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால் எரிபொருள் பாய்வதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் சும்மா ஓடுவதற்குக் கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்கும். அப்பாவோடு ஓட்டியவருக்கு இதைச் சொல்ல அன்றைக்கு ஆள் இல்லை. அவர் காலத்து வண்டியும் வேறு.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கொல்லிமலை போனோம். பேத்தி இந்த முறையும் எழுபதிலிருந்து எண்ணினாள், ஒன்று வரை நிற்காமல். சேந்தமங்கலத்தில் டீக்கு நிறுத்தியபோது முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் புறங்கையை நீட்டிப் பார்த்தேன். வெதுவெதுப்புதான்.