முகமறியாச் சாட்சியும் நியாய விசாரணையும்: மலேசியச் சட்ட வரலாற்றில் ஒரு பார்வை

பழிவாங்கப்படுவோம் என அஞ்சும் சாட்சி நீதிமன்றத்தில் வாய் திறக்கமாட்டார். அவரைக் காக்க அடையாளத்தை மறைத்தாலோ, குற்றஞ்சாட்டப்பட்டவரின் தற்காப்பு நலிவடைகிறது. சாட்சி யாரென அறியாத நிலையில், அவருக்கு முன்பகை உண்டா, பொய்யுரைக்கக் காரணம் உண்டா எனக் குறுக்கு விசாரணையில் துருவ இயலாது. இச்சிக்கலை மலேசியா கையாண்ட வரலாற்றை இக்கட்டுரை சுருக்கமாக ஆராய்கிறது.

1969 மே 13 கலவரத்தையடுத்து, மே 15ஆம் நாள் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 1975இல் இயற்றப்பட்ட பாதுகாப்பு வழக்கு விதிமுறைகள், குற்றஞ்சாட்டப்பட்டவரும் அவர்தம் வழக்கறிஞரும் காணாதவாறு சாட்சியம் அளிக்க இடமளித்தன. மரண தண்டனைக்குரிய வழக்குகளும் இவற்றின்கீழ் விசாரிக்கப்பட்டன. 1977இல் வழக்கறிஞர்கள் பொதுக்கூட்டம் கூட்டி, இத்தகைய வழக்குகளில் தோன்ற வேண்டாமெனத் தம் உறுப்பினர்களுக்கு அறிவுறுத்தினர்.

1978 டிசம்பரில், தே செங் போ வழக்கில், இவ்விதிமுறைகள் செல்லா எனப் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. 1971 பிப்ரவரி 20இல் நாடாளுமன்றம் கூடிய பின்னர், இத்தகைய விதிகளை இயற்றும் அதிகாரம் மாமன்னருக்கு இல்லை என்பதே அதன் அடிப்படை. சாட்சியை மறைப்பது நியாயமா என்னும் வினா தீர்ப்புக்கு அடிப்படையாக அமையவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. ஆகவே, 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி நாடாளுமன்றம் அவ்விதிமுறைகளைச் செல்லுபடியாக்கியபோது, மறைவுச் சாட்சியமும் உடன் மீண்டது.

2011இல் அவசரகாலப் பிரகடனங்கள் மீட்டுக்கொள்ளப்பட்டன. எனினும், 2012இல் நடப்புக்கு வந்த சோஸ்மா சட்டத்தின் 14ஆம் பிரிவு, பாதுகாக்கப்பட்ட சாட்சி என்னும் ஏற்பாட்டைக் கொண்டுள்ளது. நீதிபதி சாட்சியைக் காண்பார். குற்றஞ்சாட்டப்பட்டவரும் வழக்கறிஞரும் காணமாட்டார்கள்.

பிரிட்டனின் அனுபவம் இதனின்று வேறுபட்டது. 2008 ஜூனில், டேவிஸ் வழக்கில், பெயர் மறைத்த சாட்சிகளையே பெரிதும் நம்பி வழங்கப்பட்ட தண்டனைத் தீர்ப்பைப் பிரபுக்கள் சபை நியாயமற்றதெனக் கண்டது. மறு மாதமே நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி, பெயர் மறைப்பை மீண்டும் அனுமதித்தது. ஆனால், அச்சாட்சியமே வழக்கைத் தீர்மானிக்கும் ஒரே சான்றாகுமா என்பதையும் நீதிபதி கருத்திற்கொள்ள வேண்டுமென அச்சட்டம் வகுத்தது.

இரு நாடுகளிலும் விதி வீழ்ந்து மீண்டது. பிரிட்டனில் அது நியாயம் பற்றிய வினாவால் வீழ்ந்தமையால், மீண்டபோது அவ்வினாவுக்கான விடையையும் தாங்கி வந்தது. மலேசியாவில் அதிகாரம் பற்றிய வினாவால் வீழ்ந்தமையால், அதிகாரம் கிடைத்ததும் பழைய வடிவிலேயே மீண்டது. சாட்சியின் அச்சம் மெய்யானது. அதனைப் போக்கும் கடப்பாடு அரசுக்கு உண்டு. ஆயினும், முகமறியா ஒருவரின் சொல்லை மட்டும் கொண்டு ஒருவரைத் தண்டிக்கலாமா என்னும் வினாவுக்குச் சட்டமே விடை கூறுதல் வேண்டும்.