மெட்டு ராஜாவுக்கு, பாட்டு அம்மனுக்கு

மலைக்கோட்டை தாயுமானவர் மேல முத்துசுவாமி தீட்சிதர் பாடின 'ஸ்ரீ மாத்ருபூதம்', கன்னட ராகத்துல நிதானமா நகரும் கிருதி. ஆனா எனக்கு அவரோட குறும்பும் பிடிக்கும்.

இளமையில், சென்னைக்குப் பக்கத்துல மணலியில் இருந்தப்போ, கோட்டை பேண்டு மெட்டுகளைக் கேட்டார். அந்த மாதிரி மெட்டுகளுக்கு அவர் எழுதின சமஸ்கிருதப் பாட்டுகள்தான் நோட்டுஸ்வரம். அதுல ஒண்ணு, பிரிட்டிஷ் ராஜாவை வாழ்த்தும் 'காட் சேவ் த கிங்' மெட்டு.

அதே மெட்டை வெச்சு 1803-ல பீத்தோவன் பியானோவுக்கு 7 வேரியேஷன் எழுதினார். அவர் மாத்தினது மெட்டை. தீட்சிதர் மெட்டை அப்படியே விட்டுட்டு ஆளை மாத்திட்டார்: 'சந்ததம் பாஹிமாம்', சியாமளா தேவி மேல. 'பாஹிமாம்'னா 'என்னைக் காப்பாத்து'.

கும்பினி காலத்துல, ராஜாவைக் காப்பாத்தச் சொன்ன மெட்டு, பாடுறவரைக் காப்பாத்தச் சொல்லுது. ரெண்டையும் அடுத்தடுத்து கேட்டுப் பாருங்க.