பாட்டியும் சிங்கம் பார்க்கலாம்: மஞ்சள் அட்டையின் கதை

காலாண்டு லீவுக்கோ மே மாத லீவுக்கோ குடும்பத்தோட ஆப்பிரிக்கா சஃபாரி போகலாம்னு யோசிக்கிறீங்களா? டிக்கெட் போடும் முன் இந்த இழையைப் படித்துவிடுங்கள். கொஞ்சம் நீளம்தான்.

சமீபத்தில் ஒரு குடும்பம் வந்தது (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). அப்பாவுக்கு ஒரகடத்தில் வாகன ஆலை ஒன்றில் வேலை. அங்கே செய்யும் வண்டிகள் ஆப்பிரிக்காவுக்கும் போகின்றன. "நாம செஞ்ச வண்டி போற ஊருக்கு நாமளும் போய்ப் பார்ப்போமே டாக்டர்" என்றார். கூட மனைவி, ஏழு வயது மகள், 68 வயது அம்மா. செப்டம்பர் கடைசியில் கென்யாவின் மசாய் மாரா என்று முடிவு செய்திருந்தார்கள்.

"மலேரியா மாத்திரை மட்டும் எழுதிக் கொடுங்க."

"மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டாச்சா?"

"காமாலை ஊசிதானே? அது பாப்பாவுக்கு சின்ன வயசுலயே போட்டாச்சே."

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். நீங்கள் போட்டது ஹெபடைடிஸ் பி ஊசி. மஞ்சள் காய்ச்சல் வேறு வைரஸ். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் மட்டும் இருப்பது. பெரும்பாலானோருக்குக் காய்ச்சலோடு போய்விடும். சிலருக்கு கல்லீரல் பழுதாகி, கண் மஞ்சளாகி, ரத்தக்கசிவு வரும். அந்தக் கட்டத்துக்குப் போனவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பத்து நாளுக்குள் இறந்துவிடுகிறார்கள். இதற்கென்று தனி மருந்து கிடையாது. தடுப்பூசி இருக்கிறது.

அந்தத் தடுப்பூசி வந்த கதை பலருக்குத் தெரியாது.

பனாமா கால்வாயை 1881-ல் முதலில் வெட்டத் தொடங்கியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். சுமார் 20,000 பேர் செத்த பிறகு கைவிட்டார்கள். கொன்றது பெரும்பாலும் மஞ்சள் காய்ச்சலும் மலேரியாவும். அதே 1881-ல் கியூபா மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே, "இதைப் பரப்புவது கொசு" என்றார். சுமார் இருபது வருடம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1900-ல் வால்டர் ரீட் தலைமையிலான குழு அதை நிரூபித்தது. அந்தக் குழுவில் இருந்த டாக்டர் ஜெஸ்ஸி லேசியர் அதே நோயில் இறந்தார். வயது 34.

கொசு தெரிந்தது. கிருமி தெரியவில்லை. ஆப்பிரிக்கக் குரங்குகளுக்கு ஊசி போட்டுப் பார்த்தால் நோய் வரவில்லை. பல தலைமுறையாக அந்தக் கிருமியோடு பழகிய குரங்குகள் அவை.

1927-ல் இன்றைய கானாவில், அசிபி என்ற 28 வயது இளைஞருக்கு லேசான காய்ச்சல். அவர் ரத்தத்தை எடுத்து ரீசஸ் குரங்குக்குச் செலுத்தினார்கள். ஆமாம், வட இந்தியாவில் கோயில் வாசலில் வாழைப்பழத்தைப் பிடுங்கும் அதே செம்முகக் குரங்கு இனம். குரங்கு சில நாளில் செத்தது. அசிபி பிழைத்துக்கொண்டார். கிருமி அகப்பட்டது.

விலையும் கொடுத்தார்கள். அந்த ஆய்வில் இருந்த ஏட்ரியன் ஸ்டோக்ஸ் 1927 செப்டம்பரில் லாகோஸில் இறந்தார். அடுத்த வருடம் மே மாதம் அக்ராவில் ஹிதேயோ நொகுச்சி. சில நாளிலேயே அவரோடு இருந்த வில்லியம் யங். மூவரையும் கொன்றது அவர்கள் ஆராய்ந்த நோய்தான்.

பிறகு வந்தவர் மேக்ஸ் தீலர். தென் ஆப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் பிறந்தவர். அசிபியின் வைரஸை கோழிக்கருத் திசுவில் நூறு தடவைக்கு மேல் மாற்றி மாற்றி வளர்த்தார். வழியில் எங்கோ அதன் கொடூரம் போய்விட்டது. 1937-ல் 17டி தடுப்பூசி தயார். 1951-ல் நோபல் பரிசு. இன்று உலகில் போடப்படும் ஒவ்வொரு மஞ்சள் காய்ச்சல் ஊசியும் அந்த ஒரு மனிதரின் ரத்தத்தில் இருந்த வைரஸின் வாரிசு. நோபல் பட்டியலில் தீலர் பெயர் இருக்கிறது. அசிபியின் பெயரை ஆய்வகக் குப்பிகள் மட்டும் ஞாபகம் வைத்திருக்கின்றன.

சரி, இந்தியா ஏன் இவ்வளவு கறார்?

மேலே சொன்ன குரங்குக் கதையை இன்னொரு தடவை யோசியுங்கள். ஆப்பிரிக்கக் குரங்கு தாங்கியது, நம்ம ஊர் குரங்கு செத்தது. இந்த நோயைப் பார்த்தே இராத நம் மக்களும் அப்படித்தான். பரப்பும் கொசு ஏடிஸ் எஜிப்டி. டெங்குவைப் பரப்பும் அதே கொசு. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கம் அது எங்கே இருக்கிறது என்று நான் சொல்லவே வேண்டாம்: பழைய டயர், பெயின்ட் டப்பா, கட்டடம் கட்டும் இடத்துத் தொட்டி, தொழிலாளர் விடுதியின் மூடாத டிரம். கொசு இருக்கிறது, எதிர்ப்புச் சக்தி இல்லாத கோடிக்கணக்கான மக்கள் இருக்கிறார்கள். இல்லாதது வைரஸ் மட்டும். அதை ரத்தத்தில் சுமந்து ஒரே ஒரு பயணி வந்தால் போதும்.

1914-ல் பனாமா கால்வாய் திறந்தபோதே இந்தப் பயம் இருந்தது. விமானம் வந்ததும் அதிகமானது. கப்பலில் வாரக்கணக்கில் வரும்போது நோய் வழியிலேயே தெரிந்துவிடும், விமானத்தில் தெரியாது. அதனால்தான் இன்றும் சென்னை விமான நிலையத்தில் அந்த மஞ்சள் அட்டையைக் கேட்கிறார்கள்.

கவனியுங்க, சிக்கல் திரும்பி வரும்போதுதான். இங்கிருந்து போகும்போது கென்யா பெரும்பாலும் கேட்காது. கென்யா, உகாண்டா மாதிரி பட்டியலில் உள்ள நாட்டை விட்டுக் கிளம்பி ஆறு நாளுக்குள் அட்டை இல்லாமல் இந்தியா வந்தால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் விலக்கு. லீவு முடிந்து திங்கட்கிழமை ஸ்கூல், ஷிப்ட் என்று கணக்குப் போட்டவர்கள் கதி?

எனவே திட்டம் இப்படி இருக்கட்டும்:

• ஊசி சாதாரண கிளினிக்கில் கிடைக்காது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற அரசு அங்கீகாரம் பெற்ற மையத்தில்தான். நினைத்த நாளில் போட முடியாது. ஒரு மாதம் முன்பே விசாரியுங்கள்.

• போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் அட்டை செல்லும். 2016 ஜூலை முதல் ஒரு ஊசி ஆயுளுக்கும் போதும். அட்டையைத் தொலைக்காதீர்கள்.

• இது உயிருள்ள வைரஸ் ஊசி. முட்டை அலர்ஜி கடுமையாக இருப்பவர், கர்ப்பிணி, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர், ஒன்பது மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள்.

• 60 வயதுக்கு மேல் முதல் முறை போட்டால் அரிதாகக் கடும் பக்கவிளைவு வரலாம். யோசித்துத்தான் போட வேண்டும்.

• மாராவில் காட்டுமாட்டுக் கூட்டம் ஜூலை முதல் அக்டோபர் வரை. காலாண்டு லீவுக்கு ஒத்துவரும். ஏப்ரல், மே அங்கே பெருமழைக் காலம்.

கடைசிக்கு முந்தைய வரியைக் கேட்டதும் அந்தப் பாட்டி மெதுவாகச் சொன்னார்: "நீங்க போய்ட்டு வாங்கடா. நான் வீட்டைப் பாத்துக்கிறேன்." பேத்தியின் முகம் சுருங்கிப்போச்சு.

பாட்டியை விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. தென் ஆப்பிரிக்கா அந்தப் பட்டியலில் இல்லை. பிரிட்டோரியாவிலிருந்து காரில் போகிற தூரத்தில் பிலானஸ்பெர்க் சரணாலயம். சிங்கம், யானை எல்லாம் உண்டு, மலேரியாவும் இல்லை. செப்டம்பர் அங்கே வறண்ட காலம், விலங்குகள் தண்ணீரைத் தேடி வெளியே வரும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்: விமானம் நைரோபி, அடிஸ் அபாபா வழியாக வேண்டாம், வளைகுடா வழியாகப் போங்க.

நாட்டை முடிவு செய்துவிட்டு ஊசி தேடாதீர்கள். வீட்டில் மூத்தவர் யார், இளையவர் யார் என்று பார்த்துவிட்டு நாட்டை முடிவு செய்யுங்கள்.

போன வாரம் மாத்திரை வாங்க வந்த பாட்டி கேட்டார்: "அங்க குளிருமா டாக்டர்? ஸ்வெட்டர் வாங்கணுமா?"

காலையில் ஜீப்பில் குளிரும் பாட்டி. வாங்கிக்கோங்க.